சான்றிதழுக்கு அப்பால்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரி ஆசிரியர்களும் புதிய கற்பித்தல் முறைகளும்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த பி.எட். பட்டம் வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அதே மாணவருக்குக் கல்லூரியில் கணக்கு நடத்த, முதுகலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிச் சில வினாக்கள் உண்டு. அதைத் தாண்டி, வகுப்பில் நின்று சொல்லித்தரப் பழகினாரா என்று கல்லூரி ஆசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் ‘எஃப்.டி.பி.’ என்று ஆசிரியர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள்.

இந்தப் பயிற்சிகள் எப்படித் தோன்றின, அவற்றில் என்ன கற்றுத்தரப்படுகிறது, கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பயிற்சிக்குப் பஞ்சமில்லை. பயிற்சி முடிந்தபின் ஆசிரியர் தனித்து விடப்படுவதுதான் குறை என்பது இதன் முடிபு.

ஒரு சாலையில் பல கல்லூரிகள்

திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் வரிசையாக வருகின்றன. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராஜபாளையத்தில் ராம்கோ குழுமத்தின் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு தொடங்கப்பட்டது. அதே ஊரில் ராஜூக்கள் கல்லூரியும் ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரியும் கலை, அறிவியல் படிப்புகளை நெடுங்காலமாக நடத்திவருகின்றன.

ஆக, சிறிது தொலைவுக்குள் மூன்று வகை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழக ஆசிரியர் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாமே அமைக்கலாம். பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் இருப்பவர் வேறு ஊரில் வகுத்த பாடத்திட்டத்தையே நடத்தியாக வேண்டும். சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு அரசு ஊதிய விகிதமோ பதவி உயர்வு விதிகளோ பெரும்பாலும் பொருந்துவதில்லை. மூவருக்கும் ஒரே ஐந்து நாள் பயிற்சியைக் கொடுத்துவிட்டு ஒரே பலனை எதிர்பார்க்கிறோம்.

மாணவர்களையும் பார்க்க வேண்டும். நூற்பாலைத் தொழிலாளர்கள், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்பவர்கள், சிவகாசி அச்சகங்களிலும் பட்டாசு ஆலைகளிலும் வேலை செய்பவர்கள், வத்திராயிருப்பு, சேத்தூர் பக்கத்து விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள் இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் பாடத்தின் முன் திகைப்பவர்கள். இங்கே எந்தப் புதிய கற்பித்தல் முறையையும் இவர்களை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பயிற்சி வந்த வழி

புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று 1964-66 கோத்தாரி கல்விக்குழு பரிந்துரைத்தது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்காகச் சென்னை தரமணியில் 1964-இல் ஒரு பயிற்சி நிறுவனம் எழுந்தது. இன்று அது என்.ஐ.டி.டி.டி.ஆர். என்ற பெயரில் இயங்குகிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களில் அகடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் நடந்த ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் வகுப்புகளுக்குப் பெட்டி படுக்கையோடு போய் மூன்று, நான்கு வாரம் தங்கி வந்த தலைமுறை இன்னும் பணியில் இருக்கிறது. அந்த மையங்கள் 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 111 மையங்களாக மறுபடி உருவெடுத்தன.

பொறியியல் பக்கம் வேறு ஓட்டம். அண்ணா பல்கலைக்கழகம், இணைப்புக் கல்லூரிகளிலேயே பாடவாரியாக ஆசிரியர் பயிற்சிகளை நடத்திவருகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அடல் அகாதெமி, கல்லூரிகளுக்கு நிதி கொடுத்துப் பயிற்சி நடத்தச் சொல்கிறது. புதிய ஆசிரியர்களுக்கென எட்டுப் பாடப்பகுதிகள் கொண்ட பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ. ஸ்வயம் இணையத் தளம் வழியே தருகிறது. மும்பை ஐ.ஐ.டி. பத்தாயிரம் ஆசிரியர்களைத் தொலைவிலிருந்தே பயிற்றுவிக்கும் திட்டத்தை நடத்தியது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானதும், மாணவர் எதைச் செய்யத் தெரிந்து வெளியேறுகிறார் என்று கேட்கும் முறைக்குத் தரச்சான்று வாரியமான என்.பி.ஏ. கல்லூரிகளைத் திருப்பியது. ஒவ்வொரு துறையிலும் பாட விளைவு (சி.ஓ.), படிப்பு விளைவு (பி.ஓ.) அட்டவணைகள் நிரம்பத் தொடங்கியது அப்போதிருந்துதான்.

கூடவே பயிற்சிக்கு ஒரு கணக்கும் ஏறியது. பதவி உயர்வு விதிகள் ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் முடித்த சான்றிதழைக் கேட்கின்றன. கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் மதிப்பீட்டின் ஆறாவது அளவுகோலில், எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. பெற்ற பயிற்சியால் வகுப்பில் என்ன மாறியது என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை. எதை எண்ணுகிறோமோ அதுவே பெருகும். 2020 பொதுமுடக்கத்தின்போது இணையவழிக் கருத்தரங்குகளும் மின்சான்றிதழ்களும் குவிந்ததை எல்லாக் கல்லூரிகளும் கண்டன.

அமர்வில் என்ன நடக்கிறது

வழக்கமான ஐந்து நாள் பயிற்சியின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். தொடக்க விழா, நாளொன்றுக்கு மூன்று நான்கு உரைகள், வெளியூர் ரிசோர்ஸ் பெர்சன், கடைசி நாளில் இணையத் தேர்வு, பின்னூட்டப் படிவம், சான்றிதழ். தலைப்புகளைப் பார்த்தால் செயற்கை நுண்ணறிவு, பொருள்களின் இணையம், ஆராய்ச்சித் திட்டம் எழுதுவது போன்றவை முந்தி நிற்கும். கற்பித்தலையே பொருளாகக் கொண்டவை குறைவு.

கற்பித்தல் பற்றிய அமர்வுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர்கள் சில. ஒரு வினாவைத் தனியே யோசித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்லும் முறையை 1981-இல் அமெரிக்காவின் ஃபிராங்க் லைமன் வகுத்தார். பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பறை, 2007 வாக்கில் கொலராடோவின் பள்ளி ஆசிரியர்கள் இருவரால் பரவியது. சிக்கலை முதலில் கொடுத்து அதைத் தீர்க்கும் போக்கில் பாடத்தைக் கற்கவைக்கும் முறை 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் பிறந்தது. இவற்றோடு இணையவழி வினாடி வினாச் செயலிகளும் 2022-க்குப் பிறகு சாட்ஜிபிடியும் சேர்ந்துகொண்டன.

இவற்றைப் பற்றிய உரை இரண்டு மணி நேரம் ஓடும். மாணவரைப் பேசவிடுங்கள் என்பதைப் பேச்சாளர் ஒருவரே பேசி முடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருமுறையாவது தம் பாடத்தில் ஒரு வினா எழுதி, அதைச் சக ஆசிரியர்களிடம் நடத்திப் பார்த்து, குறை நிறை கேட்டுத் திருத்தியிருந்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பொருள் இருந்திருக்கும்.

புதிய முறைகளுக்குச் சான்று உண்டா

உண்டு, வலுவாகவே உண்டு. ஸ்காட் ஃபிரீமனும் கூட்டாளிகளும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியிட்டனர். வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் தோல்வி சராசரி 33.8 விழுக்காடு. மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடு. முதல் தலைமுறை மாணவர் நிறைந்த வகுப்பில் இந்த வித்தியாசம், படிப்பை முடிப்பதற்கும் அரியரோடு வெளியேறுவதற்கும் உள்ள வித்தியாசம்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், பங்கேற்பு வகுப்பு மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தாமே முட்டி மோதும்போது புரியாததுபோல் இருக்கும். பருவ இறுதியில் மாணவர் எழுதும் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோடும் கல்லூரிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். புதுமுறையை முயன்றவர் முதல் பருவத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கக்கூடும்.

ஒரு வினா, பத்து நிமிடம்

புதிய முறை என்றால் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய சகமாணவர் விளக்க முறையை ராஜபாளையத்து வகுப்பில் எப்படி நடத்தலாம் என்று பார்ப்போம். பாடம், அலகுகளும் அளவீடும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார்: ‘40 டெக்ஸ், 60 டெக்ஸ் என இரண்டு நூல்கள். எது மெலிசு?’

ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நூல் கவுண்ட் பழக்கமான பேச்சு. 40 கவுண்ட்டைவிட 60 கவுண்ட் மெலிசு என்று வீட்டிலேயே கேட்டிருப்பார். ஆகவே விடையை விரலால் காட்டச் சொன்னால் 60-ஐக் காட்டுவார். நூலைப் பற்றி எதுவும் தெரியாதவர் எண் சிறியது மெலிசாக இருக்கும் என்று 40-ஐச் சொல்வார். விரல்களை நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொன்னால் ஆசிரியருக்கு மட்டும் தெரியும். அடுத்தவரைப் பார்த்து யாரும் மாற்றிக்கொள்ள முடியாது. சரியாகச் சொன்னவர் 30-லிருந்து 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பக்கத்து மாணவரோடு பேசவிட வேண்டும் என்பது மசூரின் வழிமுறை. மூன்று நிமிடம் பெஞ்சுக்குப் பெஞ்சு வாதம் நடக்கும். பிறகு மறுபடி விரல் காட்டல்.

விடை 40 டெக்ஸ். டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் தடிமன் கூடும். கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. எண் கூடினால் நூல் மெலியும். 60 கவுண்ட் நூலை டெக்ஸில் சொன்னால் ஏறத்தாழ 9.8, 40 கவுண்ட் ஏறத்தாழ 14.8. தவறாகச் சொன்ன ஆலைப் பிள்ளைதான் இந்த வகுப்பில் அதிகம் அறிந்தவர். அவர் அறிவு தவறில்லை, அளவு முறை வேறு என்று தெளியும்போது நேர்விகிதமும் எதிர்விகிதமும் அவருக்கு மறக்காது. பத்து நிமிடத்தில், செலவே இல்லாமல், வீட்டுத் தொழில் பாடமாகிறது. இப்படிப்பட்ட வினாவை வெளியூர் வல்லுநர் எழுதித் தர முடியாது. இந்த ஊர் ஆசிரியர்தான் எழுத முடியும். எழுதப் பழக்குவதே பயிற்சியின் வேலை.

கிருஷ்ணன்கோவில் தரும் பாடம்

இந்த வட்டாரத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. செவித்திறன், பேச்சுத்திறன் குறைந்த மாணவர்களுக்கெனப் பொறியியல் பட்டப்படிப்பை நடத்தியது கலசலிங்கம் பல்கலைக்கழகம். அத்தகைய வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால், உதட்டசைவைப் படிக்கும் மாணவருக்கு அந்த வாக்கியம் இல்லாமலே போய்விடும். பேசுவதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. படத்தை முதலில் பார்க்கவிட்டுப் பிறகு விளக்க வேண்டும். புதிய கலைச்சொல்லைக் காட்டி, எழுதி, பொருள் சொல்லி நிறுத்த வேண்டும். புரிந்ததா என்று கேட்டுத் தலையாட்டலை நம்பாமல், செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

இவை அத்தனையும், தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கில விரிவுரையைப் பாதி மட்டும் பிடிக்கும் மாணவருக்கும் அப்படியே பொருந்தும். எந்த மாணவருக்குப் பாடம் எட்டாமல் போகிறதோ அவரை நினைத்துத் திட்டமிட்டால் வகுப்பு முழுவதும் பயனடையும். இத்தகைய வகுப்பில் நின்று பழகிய ஆசிரியர்களே மற்றவர்களுக்குப் பயிற்சி தரச் சிறந்தவர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சி வகுப்பறைக்குப் போகிறதா

உலகம் முழுவதும் கிடைத்த விடை கவலை தருவது. அமெரிக்காவில் பயிற்சிப் பட்டறைகளை முடித்த உயிரியல் ஆசிரியர்களைப் பற்றி டயான் ஈபர்ட்-மே குழு 2011-இல் எழுதியது. 89 விழுக்காட்டினர் தங்கள் கற்பித்தலை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வகுப்புக் காணொளிகளைப் பார்த்தபோது 75 விழுக்காட்டினர் ஆசிரியரை மையமாகக் கொண்ட விரிவுரையையே நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாறிவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். 2018-இல் வட அமெரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட வகுப்புகளைக் கவனித்த ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டவை விரிவுரைகளே.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. கிரஹாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி இருவரும் எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். நீண்ட காலப் பயிற்சி பெற்றவர்கள் மாணவரை மையமாக வைத்துக் கற்பிக்கும் பக்கம் நகர்ந்தார்கள். பயிற்சி பெறாத புதிய ஆசிரியர்கள் மாறாமல் நின்றார்கள், அல்லது பின்னோக்கிப் போனார்கள். பயிற்சி தராமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதை இது காட்டுகிறது.

ஈபர்ட்-மே, கிப்ஸ் ஆய்வுகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டுக்கான காரணத்தைப் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் பள்ளி ஆசிரியர்களிடையே 1980-களிலேயே கண்டு சொன்னார்கள். கொள்கை விளக்கம், செய்துகாட்டல், பழகிப் பார்த்தல், கருத்துரை ஆகிய நான்கும் இருந்தாலும், ஆசிரியர் தம் வகுப்புக்குத் திரும்பியபின் பக்கத்தில் நின்று வழிகாட்ட ஒருவர் இல்லையென்றால் கற்றது நிலைக்காது.

அண்டையில் இலங்கை இதைச் செய்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 1997-இல் பணியாளர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய மையம் உண்டு. புதிய விரிவுரையாளர் தகுதிகாண் காலத்தில் கற்பித்தல் பயிற்சியை முடித்தாக வேண்டும். கொழும்பின் சான்றிதழ்ப் படிப்பில், தம் வகுப்புகளில் செய்து பார்த்ததைப் பதிவேடாகத் தொகுத்து ஒப்படைக்க வேண்டும். உரை கேட்டதற்காக அங்கே சான்றிதழ் கிடையாது.

நம் ஊரின் தடைகள்

முதல் தடை தேர்வு. பருவத் தேர்வு, படித்ததைத் திரும்ப எழுதச் சொன்னால் மாணவர் நோட்ஸைத்தான் கேட்பார். கலந்துரையாடலை நேர விரயம் என்பார். ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையை வெளியிட்டு, சிந்திக்க வைக்கும் வினாக்களைக் கேட்டது. இணைப்புக் கல்லூரி ஆசிரியரின் கையில் வினாத்தாள் இல்லை என்றாலும் இன்டர்னல் தேர்வு அவர் கையில் இருக்கிறது. மாற்றத்தை அங்கே தொடங்கலாம்.

இரண்டாவது நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அதன்மேல் மாணவர் சேர்க்கைப் பணி, நாக் கோப்புகள், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டப் பொறுப்பு, ஆய்வுக் கட்டுரை நெருக்கடி எல்லாம் ஏறும். புதிய வகுப்பைத் திட்டமிடப் பழைய வகுப்பைவிட அதிக நேரம் தேவை. அந்த நேரத்தை யாரும் கால அட்டவணையில் எழுதுவதில்லை.

மூன்றாவது மொழி. பயிற்சிகளில் இதைப் பற்றி ஏறக்குறைய மௌனம். ஆங்கிலத்தில் குழுவாகப் பேசச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழில் வாதிட்டு, முடிவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதே மாணவர்கள் பேசுவார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. அதற்காக உருவான கலைச்சொற்கள் ஆங்கில வழி வகுப்பின் கலந்துரையாடலுக்கும் உதவும்.

நான்காவது பணிநிலை. ஒப்பந்தத்திலும் சுயநிதிப் பிரிவிலும் இருப்பவருக்குப் பயிற்சியால் ஊதியம் உயரப்போவதில்லை. அவருக்குக் கிடைக்கக்கூடியது வேலை செய்யும் மகிழ்ச்சியும் சக ஆசிரியர்களின் மதிப்பும்தான். அவற்றையும் தராத பயிற்சியில் அவர் ஏன் மனம் வைக்க வேண்டும்?

என்ன செய்யலாம்

முதலாவதாக, பயிற்சியை ஐந்து நாளில் அடக்காமல் ஒரு பருவம் முழுக்கப் பரப்ப வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாள் செய்முறை அமர்வு. பிறகு ஆசிரியர் ஒரே ஒரு முறையைத் தேர்ந்து ஒரே ஒரு பாடத்தில் நடத்துவார். மாதம் ஒருமுறை கூடி என்ன நடந்தது என்று பேசுவார்கள். சான்றிதழ் பருவ இறுதியில், எழுதிய வினாக்களையும் மாணவர் விடைகளையும் ஒப்படைத்தபின்.

இரண்டாவதாக, சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். எச்.ஓ.டி.யோ முதல்வரோ வந்தால் அது சோதனை. சமநிலையில் இருப்பவர் வந்து, ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், மாணவர் எத்தனை நிமிடம் பேசினார்கள், எந்தப் பெஞ்சு வரிசை வாயே திறக்கவில்லை என்று குறித்துக் கொடுத்தால் அது உதவி. அந்தத் தாள் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். பணி மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகக் கூடாது.

மூன்றாவதாக, இந்தச் சாலைக் கல்லூரிகள் பாடவாரியாகச் சேர வேண்டும். இயற்பியல் நடத்துபவர், கணக்கு நடத்துபவர், ஆங்கிலம் நடத்துபவர் தனித்தனி வட்டங்களாக மாதம் ஒரு சனிக்கிழமை முறைவைத்து ஒவ்வொரு கல்லூரியில் கூடலாம். பேருந்தில் சிறிது நேரப் பயணம். வெளியூர் வல்லுநருக்கான பயணச் செலவு மிச்சம். நல்ல வினாக்களையும் உள்ளூர்த் தொழில்களிலிருந்து எடுத்த கணக்குகளையும் சேர்த்து ஒரு பொதுத் தொகுப்பு உருவானால் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு அதுவே கைவிளக்கு.

நான்காவதாக, நிர்வாகம் நேரம் கொடுக்க வேண்டும். புதுமுறையை முயலும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் ஒரு பணியைக் குறைக்கலாம். மாணவர் கருத்துப் படிவ மதிப்பெண் முதல் பருவத்தில் இறங்கினால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாவதாக, நாக் அறிக்கையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் கல்லூரிகள் தாமாகவே வைக்கலாம்: முறை மாறிய பாடத்தில் தேர்ச்சி பெறாதவர் எத்தனை பேர், முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர். மதிப்பீட்டுக் குழு கேட்காவிட்டாலும் பெற்றோருக்கும் மாணவருக்கும் தேவையான எண் அதுதான்.

முடிவுரை

கோத்தாரி குழுவின் பரிந்துரையிலிருந்து மாளவியா மிஷன் வரை அறுபது ஆண்டு வரலாறு நமக்குப் பயிற்சி மையங்களையும் இணையத் தளங்களையும் தந்திருக்கிறது. அவை வேண்டியவையே. அவற்றின் எல்லை கல்லூரி வாசலோடு முடிகிறது. வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டியதைக் கல்லூரிதான் செய்ய வேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை; கால அட்டவணையில் ஒரு மணி நேரமும், அடுத்த வகுப்பின் கதவைத் திறந்து உள்ளே வர ஒரு சக ஆசிரியரும் போதும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வரும் பருவத்திலேயே ஒரு பாடத்தில், இரண்டு கல்லூரிகள் சேர்ந்து இதைத் தொடங்க முடியும். தொடங்க வேண்டும். கடன் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஆலைத் தொழிலாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.